எழுத்துப் பத்தலை, கவிஞரே

இன்று காலை ராக்கு வந்தாள். நீ போய் நாற்பது நாளாகிறது. அதற்குப் பிறகு உன் மனைவி ஊரை விட்டு வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். நான் யூனியன் ஆபீஸுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மஞ்சள் பைக்குள் இரண்டு கையையும் விட்டு ஒரு பொட்டலத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் காப்பி டம்ளர் ஆடியது. கையகலப் பொட்டலம்தான், கனம் மட்டும் அம்மிக் குழவி மாதிரி.

"ஒங்க சாமான். எங்க வீட்டுப் பரணுல கெடந்துச்சு. அவுக இருந்தவரைக்கும் யாரையும் தொட விடல. இனி எங்களுக்கு என்னத்துக்கு?" என்றாள்.

பழுப்புத் தாள். குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு. மேலே நீல மையில் 'ழ, ழி, ழ்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. மதுரையில் அச்சுக்கு ஈய எழுத்து வார்க்கிற கடையில் நானே நின்று வாங்கி, நானே பேனாவைத் திறந்து எழுதி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து உன் கையில் கொடுத்த பொட்டலம். அது ஆகிறது எட்டு ஒன்பது வருஷம். கடைக்காரன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. ஒருவர்கூட அதை அவிழ்க்கவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் ராக்கு, இதைப் பிரிக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"பிரிச்சுட்டா அப்பறம் கவிஞருகிட்ட எதைச் சொல்லி வெட்டுறதுன்னு சிரிப்பாக."

"எதை வெட்டுறது?"

ராக்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். "ஒங்க பாட்டைத்தான்" என்றாள்.

பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு அது எனக்குத் தெரியாது என்பது தெரியாது. நீயும் நானும் சேர்ந்து செய்த காரியம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். அவள் போனதும் ஆபீஸுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, செக்காலை ரோட்டில் நீ அச்சுக்கோத்த அச்சகத்துக்கு ஏறக்குறைய ஓடினேன். முதலாளி அப்போதுதான் சாமி படத்துக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. நேரே நீ நிற்கிற இடத்துக்குப் போய், எழுத்துகள் கிடக்கிற மரத்தட்டின் முன்னால் நின்றேன். பதினைந்து வருஷமாக அந்த அச்சகத்துக்கு வந்து போகிறேன். அந்தத் தட்டை எட்டிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 'ழ' கிடக்கிற அறையில் கையை விட்டேன். விரல் முழுகியது. 'ழி', 'ழ்' எல்லாமே அப்படித்தான் நிறைந்து கிடந்தன.

"இந்த எழுத்தெல்லாம் எப்போது வாங்கினீர்கள்?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"ஆரம்பிச்சப்ப வாங்குனதுதான். நடுவுல தேஞ்சதுக்கு ஒருக்கா மாத்துனோம். ஏன் கேக்குறீக?"

"பற்றாக்குறை வந்ததே இல்லையா?"

"எழுத்துப் பத்தாம எவனாச்சும் அச்சாபீஸ் நடத்துவானா? அதுலயும் இங்குட்டு வாரது பூராக் கலியாண வாழ்த்து. வரிக்கு வரி வாழ்க வாழ்கன்னு வரும். அதுக்குன்னே மத்த அச்சாபீஸைவிட ரெண்டு பங்கு வாங்கிப் போட்டிருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபமா, வெட்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நடுமுதுகில் யாரோ ஓங்கி ஒன்று வைத்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

உனக்கு அந்த இளையாத்தங்குடிக் கோயில் செட்டியார் வீட்டுக் கல்யாணம் நினைவிருக்கும். பெண்ணைப் பெற்ற ஆச்சி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணுக்கு வாழ்த்துப்பா வேண்டும், ரோஸ் தாளில் தங்க மை, வந்தவர்களுக்கெல்லாம் பந்தலில் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் மூன்று நாள் சோறு தண்ணி மறந்து முப்பத்திரண்டு வரி எழுதினேன். "எழிலார் பொழில்சூழ் இளையாத்தங் குடிவிளங்க, விழிபோல் வந்துதித்த விளக்கே வாழ்க" என்று ஆரம்பம். கடைசி எட்டு வரியும் 'வாழ்க' என்றே முடியும். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் நீ கொண்டுவந்த புரூஃபில் பதினான்கு வரிதான் இருந்தது.

"எழுத்துப் பத்தலை, கவிஞரே" என்றாய். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "அந்த 'ழ' வகையறா நம்மகிட்ட பதினெட்டுத்தான் கெடக்கு. நீங்க நாப்பதுக்கு மேல கேக்குறீக. எழில்ங்கிறீக, பொழில்ங்கிறீக, யாழ்ங்கிறீக. நான் என்ன வீட்டுல ஊத்தியா கொண்டாறது?"

"அதற்காகக் கடைசி வாழ்த்தையே எடுத்துவிடுவாயா? கல்யாணப் பாட்டில் வாழ்க இல்லை என்றால் ஆச்சி என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்கள்."

"மேல தலைப்புல ஒண்ணு போட்டிருக்கேன்ல. ஒரு கலியாணத்துக்கு ஒரு வாழ்க போதாதா?"

கல்யாணத்துக்கு ஒருநாள்தான் இருந்தது. வேறு அச்சகத்துக்குப் போக நேரம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். வாழ்த்துகளை எடுத்த பிறகு பாட்டு எங்கேயோ நடுவில் கிடந்த இரண்டு வரியில் முடிந்தது. "படியிறங்கும் முன்னால் ஒருமுறை, அம்மா நிற்கிற பக்கம் பார்த்துவிட்டுப் போ." அதை நான் இடம் நிரப்பத்தான் எழுதியிருந்தேன். பந்தலில் தாளைக் கொடுத்துவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன் என்பதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். கடைசி வரிக்கு வந்ததும் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பெண் கிளம்பும்போது வீட்டு வளவு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "இத்தனை கலியாணத்துல பாட்டு வாங்கியிருக்கோம். இதுதேன் படிச்ச ஒடனே வெளங்குச்சு" என்றார்கள்.

நான் அந்தப் புகழை மறுக்கவில்லை. ஆடு கிடைத்தவன் யாருடையது என்று ஊரெல்லாம் தமுக்கடிப்பானா? சும்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நடந்தது. புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், கட்சிக்காரர்களின் பொங்கல் வாழ்த்து, எதுவானாலும் நான் எழுதித் தருவேன், நீ எழுத்துப் பத்தலை என்பாய். நாளாக நாளாக நானும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். உனக்கு இல்லாத எழுத்து வரக்கூடாது என்று எழுதும்போதே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். எழில் போய் அழகு வந்தால் அதிலும் அதே எழுத்து. சரி, அதுவும் வேண்டாம், என்ன அழகு என்பதைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், அப்போதுதான் கண்ணால் பார்த்தது வரிக்குள் வந்தது. வதனம் போய் முகம் வந்தது, முகம் போய் முகத்தில் ஒட்டிய சந்தனம் வந்தது. இதையெல்லாம் நானே தவமிருந்து பெற்ற ஞானம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்றத்தில் பேசுவதற்காக எழுதி வைத்திருக்கிற உரையில்கூட "நான் சொற்களைத் துறந்தேன்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. இப்போது அதைப் படித்தால் காது எரிகிறது.

ஆமாம், அந்த உரை. அதைச் சொல்லவில்லையே. வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே தமிழ் மன்றத்தில், எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்த என் கவிதைத் தொகுப்புக்கு இப்போதுதான் பாராட்டுக் கூட்டம். 'என் கவிதை வளர்ந்த விதம்' என்று நான் பேச வேண்டும். இன்றைக்கு வியாழன். நேற்றுவரை, அது எப்படி வளர்ந்தது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

தொகுப்பு அச்சேறப் போகிறது என்றதும் நான் செய்த முதல் வேலை மதுரைக்குப் போனதுதான். என் சொந்தப் புத்தகத்தையும் நீ எழுத்தில்லை என்று நறுக்கிவிடக்கூடாதல்லவா? பொட்டலத்தை உன் கையில் வைத்து, "இனிமேல் ஒரு சாக்கும் சொல்லாதே" என்றேன். நீ அதை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தாய். முகம் ஒரு நொடி விழுந்தது. என் செலவை நினைத்து வருத்தப்படுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். "நல்ல கனமா இருக்கு கவிஞரே" என்று சொல்லி உள்ளே கொண்டுபோனாய்.

நாலு நாள் கழித்து வந்து கேட்டால், "அந்த எழுத்து ஒசரம் சேரலை. நம்ம எழுத்தோட வச்சா ஒரு மயிரிழை தூக்கி நிக்கிது. அச்சுல தாளைக் குத்திப்புடும்" என்றாய். கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். நீயும் கூடச் சேர்ந்து திட்டினாய்! அடப்பாவி, முடிச்சையே அவிழ்க்காத பொட்டலத்துக்குள் இருக்கிற எழுத்தின் உயரத்தை நீ எதை வைத்து அளந்தாய்?

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்ததை நினைத்தால் அந்தச் சிரிப்பு போய்விடுகிறது.

அப்பா பற்றிய கவிதை. மழை பொய்த்த வருஷம் அப்பா படுக்கையில் கிடந்ததும், கடைசி நாளில் என்னிடம் ஒன்று கேட்டதும் உனக்குத் தெரியும். நீ அன்றைக்கு வறண்டு வெடித்துக் கிடந்த கண்மாய் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அதைப் பற்றி நான் முப்பத்து மூன்று வரி எழுதியிருந்தேன். நீ மூன்று வரியை அச்சுக்கோத்துக் கொண்டுவந்து நீட்டினாய்.

"கண்மாயில தண்ணி வந்துருச்சா?
அப்பா கடைசியாகக் கேட்டது அதுதான்.
வந்துருச்சு என்றேன்."

மீதிப் பக்கம் வெள்ளை. எனக்கு வந்த ஆத்திரத்தில் புரூஃபைக் கசக்கி எறிந்தேன். "என் அப்பனுக்கு நான் அழுததைக்கூட நீ தூக்கிப் போடுவாயா?" என்று கத்தினேன். அச்சகமே திரும்பிப் பார்த்தது. நீ குனிந்து தாளை எடுத்து நீவிவிட்டாய்.

"நான் என்ன செய்ய, கவிஞரே? அழுதேன், விழி, மழை, பொழி, ஊழ், வீழ்ந்தேன்னு மிச்சம் முப்பது வரியிலயும் அதே எழுத்துத்தேன். முன்னால கோத்த பக்கமெல்லாம் ஃபாரமா இன்னும் மெஷின்ல நிக்கிது. அது ஓடி எறங்கி, எழுத்தைப் பிரிச்சுப் போட்டாத்தேன் மத்தது. மொதலாளி இன்னைக்கே இதை ஏத்தணுங்கிறாக."

"சரி, தொலையட்டும். இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்கிறேன்."

"பாத்துக்கலாம். அதுக்குள்ள எழுத்து வந்துரும்" என்றாய்.

அந்த மூன்று வரியை எத்தனை பேர் எனக்கு எழுதி அனுப்பினார்கள். சிங்கப்பூரில் இருந்து ஒருவர் அதைப் படித்துவிட்டு, தன் அப்பாவிடம் தான் சொன்ன பொய்யை நாலு பக்கம் எழுதியிருந்தார். மன்றத்தின் அழைப்பிதழில்கூட அந்தக் கவிதையைத்தான் போட்டிருக்கிறார்கள். வெட்டிய முப்பது வரியை இன்று பெட்டியிலிருந்து தேடி எடுத்துப் படித்தேன். "அழுதழுது விழிவற்றி ஆழ்கடலாய் நின்றேனே" என்று போகிறது. விழி வற்றினால் கடல் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கே தோன்றியது. நல்லவேளை, ஊர் அதைப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. நேரே சொல்லியிருக்கலாமே? இந்த வரி நன்றாக இல்லை என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? எதற்கு இத்தனை வருஷம் இத்தனை பெரிய பொய்? இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். நேரே சொல்ல உனக்குத் தெம்பில்லை என்று முதலில் உன்மேலேயே பழியைப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் நினைவு வந்தது. வந்திருக்கவே வேண்டாம்.

நீ சொன்னாய். ஒரு தடவை நேரே சொன்னாய்.

நான் எழுதிய முதல் வாழ்த்து. நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். அதன்பிறகு நீ உன் அப்பாவோடு எங்கள் வயலில் இறங்கினாய், நான் ஹைஸ்கூலுக்குப் போனேன். பத்து வருஷம் கழித்து அச்சகத்தில் என்னைப் பார்த்ததும், "டேய், நீயா எழுதுனது?" என்று சிரித்தாய். தாளைப் படித்துவிட்டு, "இந்த ரெண்டு வரியும் ஒண்ணையேதானடா சொல்லுது? ஒண்ணை எடுத்துறவா?" என்றாய்.

முதலாளி பக்கத்தில் இருந்தார், பாட்டுக்குச் சொன்ன வீட்டுக்காரரும் இருந்தார். அவர்கள் முன்னால் நீ என்னை டேய் என்றதா, என் வரியைத் தொட்டதா, எது சுட்டது என்று தெரியாது. "கோக்கிற வேலையை மட்டும் பாரு. அஞ்சாங்கிளாஸோட நின்னவனுக்குப் படிச்சுப் பாக்கிற வேலை எதுக்கு?" என்றேன்.

நீ குனிந்து எழுத்தைப் பொறுக்க ஆரம்பித்தாய். அடுத்த வாரம் நான் உள்ளே நுழைந்தபோது எழுந்து நின்று, "வாங்க கவிஞரே, எப்ப வந்தீக?" என்றாய். அன்றைக்கு நான் கொண்டுவந்த அந்த ஆச்சி வீட்டுப் பாட்டுக்குத்தான் முதல் தடவையாக எழுத்தும் பத்தாமல் போனது.

அந்தக் 'கவிஞரே'யை நான் மாலை மாதிரி போட்டுக்கொண்டேன். ஊரில் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் நீ. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒரு சிநேகிதனைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு சொரணை கெட்டவனா நான்? கவிதை எழுதுகிறவனுக்குச் சொல்லின் நெளிவு சுளிவு தெரியும் என்கிறார்களே, எனக்கு என்ன தெரிந்தது?

நீயோ அந்த அவமானத்தோடு போய்விடவில்லை. என்னை ஒரேயடியாக விட்டுவிட உனக்கு நல்ல காரணம் இருந்தது. நான் எழுதியதை எழுதியபடியே கோத்துக் கொடுத்திருந்தால், ஊரே ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். அதைவிடப் பெரிய பழிவாங்கல் இல்லை. நீ அதைச் செய்யாமல், ஒவ்வொரு வரியாகப் படித்து, எதை எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று யோசித்து, அதற்குத் தோதாக எந்த எழுத்து இல்லை என்று சொல்ல வேண்டும் என்று கணக்குப்போட்டு, என் திட்டையும் வாங்கிக்கொண்டாய். கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று நான் சொன்ன மாதிரி, நீ எழுத்து இல்லை என்று சொன்னாய்.

இன்னொன்றும் இருக்கிறது. காலையிலேயே நடந்தது, எழுதத் துணிச்சல் வராமல் தள்ளிப்போட்டேன். ராக்கு படியிறங்கப் போனவள் திரும்பி நின்று ஒரு தாளை எடுத்தாள். உன் பதினாறாம் நாளுக்கு நான் எழுதி, கறுப்புக் கட்டம் கட்டி அச்சடித்துக் கொடுத்த இரங்கற்பா. புதிதாக வந்திருக்கிற கம்பாசிட்டர் அதை ஓர் எழுத்துக்கூட விடாமல் கோத்திருந்தார். நாற்பது வரி. அந்த முதல் வாழ்த்துக்குப் பிறகு, நான் எழுதியது எழுதியபடியே அச்சேறிய பாட்டு அதுதான்.

"மக வாசிச்சுச் சொன்னா. ரெண்டு மூணு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கோவிச்சுக்காதீக, இதுல அவுக எங்குட்டு இருக்காக?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தேடியிருக்கிறாள். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். "பழுதிலாத் தமிழ்வளர்த்த பண்பாளா, எழுகதிரே, விழுதொடிந்த ஆலமரம் வீழ்ந்ததுபோல் வீழ்ந்தனையே." நீ பண்பாளனா? நீ குசும்பன். எழுகதிருக்கு மூக்குநுனியில் எப்போதும் மை ஒட்டியிருக்குமா? மூன்று வரியில் என் அப்பா இருந்தார். நாற்பது வரியில் நீ இல்லை.

இங்கே நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது என்று முடிவு செய்ய வேண்டும்.

இன்று திங்கள். நேற்றுக் கூட்டம் நடந்தது.

எழுதி வைத்திருந்த உரையைக் கிழித்துவிட்டுப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மேடையில் ஏறி அதை மேசைமேல் வைத்தேன். அங்கேயும் டம்ளர் ஆடியது. உன் பெயரைச் சொன்னேன். அஞ்சாங்கிளாஸ் என்று நான் சொன்னதைச் சொன்னேன். வாழ்க இல்லாத வாழ்த்தைச் சொன்னேன். முப்பத்து மூன்று வரியில் முப்பதை எடுத்தது யார் என்று சொன்னேன். "நீங்கள் பாராட்டுகிற எளிமை என்னுடையதல்ல. எனக்கு அது பிடிக்கக்கூட இல்லை. சண்டை போட்டேன்" என்றேன்.

சரி, கல்லெறியப் போகிறார்கள் என்று நினைத்தேன், எனக்கு அது வேண்டியும் இருந்தது. தலைவர் எழுந்தார். "பார்த்தீர்களா அன்பர்களே! தன் புகழை ஓர் அச்சுத் தொழிலாளிக்குத் தூக்கிக் கொடுக்கிற இந்தத் தன்னடக்கம் வேறு யாருக்கு வரும்?" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "ஐயா, நான் சொன்னது நிஜம்" என்று கத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். மாலை போட்டார்கள். கீழே இறங்கியதும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்த எடுப்புல அந்தப் பொட்டலத்தைத் தூக்கி வச்சீக பாருங்க, நல்ல யோசனை" என்றார். உண்மையைச் சொல்வதற்கு இந்த ஊரில் ஒரு பொய்யாவது வேண்டும் போலிருக்கிறது. அது உனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இன்று காலை அச்சகத்துக்குப் போனேன். உன் இரங்கற்பாவைத் திருப்பி எழுதிக் கொண்டுபோனேன். நாற்பது வரியில் எதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை, புதிதாகத்தான் எழுதினேன்.

"எழுத்து இல்லை என்றான்.
இருந்தது."

புதுக் கம்பாசிட்டர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "இம்புட்டுத்தானா சார்?" என்றார்.

"ஏன், எழுத்துப் பத்தாதா?" என்று கேட்டேன். குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது. பத்தாது என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"அதெல்லாம் நெறையா கெடக்கு சார். நீங்க எம்புட்டு வேணும்னாலும் எழுதுங்க, கோத்துத் தாரேன்" என்றார். நல்ல மனுஷன். அவர்மேல் என்ன குற்றம்? நீ செத்துப்போனாய் என்பது அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது, நாற்பது நாளுக்கு மேலாகி. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். அவர் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அச்சடித்த தாள் நாளைக்குக் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு ராக்குவிடம் போக வேண்டும். இந்தத் தடவையாவது உன்னைக் கண்டுபிடிக்கிறாளா பார்க்கிறேன். பொட்டலம் என் மேசைமேல் இருக்கிறது. நான் அதைப் பிரிக்கப் போவதில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அது எதிரே இருக்கட்டும்.

இந்த மடலை இப்போது முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ரொம்ப நீளம். நீ இருந்தால் பாதியைத் தூக்கியிருப்பாய். எந்தப் பாதி என்றுதான் எனக்குத் தெரியவில்லையடா.